மூணு கம்ப்யூட்டர்லயும் மெயில் ஒரே மாதிரி இருக்கணும்னா எந்த ஈமெயில் ஹோஸ்டிங் எடுக்கிறது?

ஒரு மெஷின்ல படிச்ச மெயில் இன்னொண்ணுல படிக்காததா நிக்குது, அனுப்பின மெயில் எதுல இருக்குன்னே தெரியலனு கேட்டிருக்கீங்க. ஹோஸ்டிங்கை மாத்துறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து பாருங்க, அனேகமா பாப்3னு இருக்கும். அது மெயிலை இறக்கி அந்தந்த மெஷினுக்குள்ள வெச்சுக்கும், சர்வர்ல காப்பி விடச் சொல்லி டிக் போட்டாலும் இன்பாக்ஸ் மட்டும்தான் எல்லாத்துக்கும் வரும், படிச்ச அடையாளம், ஃபோல்டர், அனுப்பினது எதுவும் சர்வருக்குத் திரும்பிப் போகாது. உங்களுக்கு வேண்டியது ஐமேப், செட்டிங்ஸ்ல போட வேண்டிய போர்ட் எண் 993. அதுல மெயில் சர்வர்லயே இருக்கும், எந்த மெஷின்ல தொட்டாலும் அங்கதான் மாறும்.

ஐமேப் போட்டும் எனக்கு ஒரு தொல்லை இருந்துச்சு. லேப்டாப்ல அனுப்பின கொட்டேஷன் டெஸ்க்டாப்ல இல்லவே இல்ல, தேடித் தேடிப் பாத்தா ஒண்ணு "சென்ட்"லயும் இன்னொண்ணு "சென்ட் ஐட்டம்ஸ்"லயும் போட்டுட்டு இருந்திருக்கு. எல்லா மெஷின்லயும் சென்ட், டிராஃப்ட்ஸ் ரெண்டுக்கும் சர்வர்ல இருக்கிற ஒரே ஃபோல்டரைக் காட்டினதும்தான் சரியாச்சு.

ஹோஸ்டிங் எடுக்கும்போது ஐமேப் உண்டானு முதல்ல கேளுங்க, சில ஃப்ரீ பிளான்ல கிடையாது. அப்புறம் இடம், ஏன்னா வருஷக்கணக்கான மெயிலும் இனி சர்வர்லதான் கிடக்கப் போகுது. யாரும் கேக்காத விஷயம், சர்வரோட ஒரே நேரத்துல எத்தனை இணைப்பு வெச்சுக்கலாம்ங்கிற கனெக்‌ஷன் லிமிட். தண்டர்பேர்ட்ங்கிற மெயில் ஆப் ஒரு அக்கவுண்ட்டுக்கு 5 கனெக்‌ஷன் வரைக்கும் திறக்கும், மூணு மெஷின்னா 15, ஜிமெயில்ல மொத்த லிமிட்டே 15தான், நிறைய ஹோஸ்டிங்ல ஓடுற டவ்காட்ங்கிற மெயில் சர்வர் சாஃப்ட்வேர்ல ஒரே ஐபியில (இன்டர்நெட் முகவரியில) இருந்து ஒரு யூசருக்கு 10னு வெச்சிருப்பாங்க. அப்போ பாஸ்வேர்ட் சரியா இருந்தும் லாகின் ஆகலனு எர்ரர் வரும், தண்டர்பேர்ட்ல அந்த 5ஐ 2க்கோ 3க்கோ குறைச்சா நின்னுடும்.

வெப்சைட் ஹோஸ்டிங்கோட சும்மா குடுக்கிற மெயிலை நான் எடுக்க மாட்டேன், அதே ஐபியில வேற யாராவது ஸ்பேம் அனுப்பினா நம்ம மெயிலும் சேர்ந்து ஸ்பேம்ல விழும். மெயிலுக்குனே இருக்கிற சர்வீஸ் எடுங்க, சொந்த டொமைன்ல. நாளைக்கு பிடிக்கலனா மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டை மாத்திட்டு, பழைய மெயிலை ஐமேப்சிங்க்ங்கிற டூல் வெச்சு நகர்த்திக்கலாம், அட்ரஸ் மாறாது. கான்டாக்ட்ஸும் காலண்டரும் ஐமேப்ல வராது, அதுக்கு கார்ட்டேவ் (கான்டாக்ட்ஸுக்கு), கால்டேவ் (காலண்டருக்கு) இல்ல ரெண்டையும் சேர்த்துப் பாத்துக்கிற மைக்ரோசாஃப்டோட எக்ஸ்சேஞ்ச் இருக்கணும்.

ஒண்ணுல டெலிட் பண்ணா மூணுலயும் போயிடும், அதனால தனியா பேக்கப் எடுத்து வைங்க. முக்கியமா, இப்ப இருக்கிற பாப் அக்கவுண்ட்டை அவசரப்பட்டு அழிச்சுடாதீங்க, பழைய மெயில் அந்த மெஷின்ல மட்டும்தான் இருக்கலாம். ஐமேப்பைப் புது அக்கவுண்ட்டா பக்கத்துல சேர்த்து, பழைய ஃபோல்டரை எல்லாம் அதுக்குள்ள காப்பி பண்ணி, வெப்மெயில்ல போய் எல்லாம் வந்துடுச்சானு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் எடுங்க.