மகளுக்குப் பௌதிகவியலை மூடிவிடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

வீட்டுக்காரரின் எக்கோ ரிப்போர்ட்டில், அதாவது ஒலியலையால் எடுக்கும் இதய ஸ்கான் அறிக்கையில், இருந்த ‘ஈ.எஃப். 35%’ என்ன கணக்கு என்று மகள் விடாமல் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தோட்டப் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, அதனால் உயர்தரத்தில் கலைப்பிரிவே போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் அவளுடைய கேள்வி. இதயவறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை வீதம் வெளியே போகிறது என்பதுதான் ஈ.எஃப். உடம்புக்கு இரத்தத்தைத் தள்ளும் கீழறையான இடது இதயவறை நிரம்பும்போது ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் இரத்தம் கொள்ளும். சுருங்கும்போது 70ஐ வெளியே தள்ளிவிட்டு 50ஐ மிச்சம் வைக்கும். 70ஐ 120ஆல் வகுத்தால் 58%. நல்ல இதயத்துக்கே இவ்வளவுதான். பரீட்சைப் புள்ளி மாதிரி நூற்றுக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது. 35 என்றால் தசை தளர்ந்திருக்கிறது. அவர் கிளினிக்கையும் மருந்தையும் ஒருநாளும் விடக்கூடாது.

இந்த எண்ணை எடுப்பது லேசான வேலை இல்லை. நோயாளியை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, ஜெல் பூசிய கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். கை கொஞ்சம் சரிந்தாலும் இதயவறை குட்டையாகத் தெரியும், கணக்குப் பிழைத்துவிடும். அறை முழுதாக விரிந்த படத்திலும் நன்றாகச் சுருங்கிய படத்திலும் உட்சுவரின் ஓரத்தைக் கோடாக வரைவார்கள். கணினி அதை மெல்லிய வட்டத் துண்டுகளாக வெட்டிக் கனவளவைக் கூட்டும். வலது இதயவறையின் வடிவம் ஒழுங்கில்லாதது, அதற்கு வேறு அளவைகள் உண்டு. இரத்தம் ஓடும் வேகத்தை அளப்பது டொப்ளர் விளைவை வைத்து, அதாவது நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து. அது உயர்தரப் பௌதிகவியல் பாடம்தான்!

அதனால்தான் கலைப்பிரிவு வேண்டாம், பௌதிகவியலும் சேர்ந்த உயிரியல் பிரிவு என்கிறேன். டொக்டர் ஆகாவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபி, பிசியோதெரபி பட்டப்படிப்புகள் இருக்கின்றன. ஈ.சி.ஜி. பதிவாளர் பயிற்சிக்கு சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். தகுதிகளை அதிலேயே வாசியுங்கள். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடும் உண்டு.

“மூச்சைப் பிடிங்க, ஐயா” என்று தமிழில் சொல்ல ஆள் இல்லாமல் நம் சனங்கள் ஸ்கான் அறையில் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு உங்கள் மகள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சாதாரணதரப் பெறுபேறு வந்ததும், ஹற்றனிலோ நுவரெலியாவிலோ உயிரியல் பிரிவு நடக்கும் பாடசாலைக்கு நேரில் போய் அதிபரைப் பாருங்கள். தங்குமிடத்தையும் அப்போதே விசாரியுங்கள். இப்போதிருந்தே அவள் சிங்களமும் படிக்கட்டும், அரச வேலைக்கு அது கட்டாயம் தேவைப்படும்.