ஸ்டூட்பேக்கர் சகோதரர்களின் அப்பா தோற்றுப்போன கொல்லரா?

கேள்வி இது: "68 டாலரில் தொடங்கிப் பெரிய வண்டிக் கம்பெனி கட்டிய ஸ்டூட்பேக்கர் சகோதரர்கள், கடனில் மூழ்கிய கொல்லர் அப்பாவின் வழியை விட்டு விலகியதால்தான் ஜெயித்தார்களா?" ஏதோ தன்னம்பிக்கை வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் அப்பாவுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். "ஏழைக் கொல்லர்." அவ்வளவோடு முடிந்தது. மரச்சக்கரம் எப்படி உருவாகிறது என்று தெரிந்த யாரும் அந்த மனிதரை இப்படி ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகமாட்டார்கள்.

முதலில் குடும்பம். ஜெர்மனியில் கத்தி, வாள் செய்வதற்குப் பெயர்பெற்ற சோலிங்கன் ஊரிலிருந்து 1736இல் கப்பலேறி ஃபிலடெல்பியாவில் இறங்கியவர்களின் வழி வந்தவர்கள். ஜான் ஸ்டூட்பேக்கர் 1799இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். கொல்லுவேலையும் வண்டிவேலையும் சேர்த்துச் செய்தவர். மனைவி ரெபேக்கா மோலர். ஐந்து மகன்கள்: ஹென்றி, கிளெமென்ட், ஜான் மோலர், பீட்டர், ஜேக்கப். மகள்களும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லும் கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் சமைத்ததும் துவைத்ததும் நூற்றதும் யார் என்று எவரும் கேட்பதில்லை. 1835இல் ஜான் தானே செய்த கானஸ்டோகா என்னும் பெரிய கூண்டு வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்லண்ட் பக்கம் குடியேறினார்.

இரண்டே ஆண்டில், 1837இல், அமெரிக்கா முழுவதும் பணமுடை வந்தது. வங்கிகள் மூடின, கையில் ரொக்கம் இல்லாத விவசாயிகள்தான் வாடிக்கையாளர்கள். "அவர்களுக்குக் கடன் கொடுத்தது அவர் தப்புதானே" என்று உடனே சிலர் சொல்வார்கள். சொல்லுமுன் ஒரு சக்கரத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

பண்ணை வண்டிக்குப் பின்சக்கரம் சுமார் 54 அங்குல விட்டம், முன்சக்கரம் 44 அங்குலம். பின்னதற்கு 14 ஆரக்கால், முன்னதற்கு 12. சக்கரத்தின் மரவிளிம்பாகச் சேரும் வட்டைத் துண்டு ஒன்றுக்கு இரண்டு ஆரக்கால் என்ற கணக்கில் பின்சக்கரத்துக்கு ஏழு வட்டை, முன்சக்கரத்துக்கு ஆறு. ஒரு வண்டிக்கு மொத்தம் 52 ஆரக்கால், 26 வட்டை, நான்கு குடம். குடம் என்பது ஆரக்கால்கள் செருகும் நடுக்கட்டை. எல்லாவற்றுக்கும் ஒரே மரம் ஆகாது. குடத்துக்கு எல்ம் அல்லது பிளாக் கம் மரம் வேண்டும். நார் பின்னிக்கொண்டு ஓடுவதால் சுற்றிலும் துளை போட்டாலும் அது பிளக்காது. ஆரக்காலுக்கு வெள்ளை ஓக் அல்லது ஹிக்கரி. அதையும் ரம்பத்தால் அறுக்கக் கூடாது, ஆப்பு அடித்துப் பிளக்க வேண்டும். பிளந்தால்தான் நார் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் வரும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிட்டால், பாரம் ஏறிய முதல் பள்ளத்திலேயே ஆரக்கால் அந்த இடத்தில் முறியும்.

வெட்டிய மரத்தை உடனே வேலைக்கு எடுக்க முடியாது. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது பழைய கணக்கு. குடக்கட்டைக்கு இன்னும் கூடுதல் ஆண்டுகள். இன்று விற்கும் வண்டிக்கான மரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே காசு கொடுத்து வாங்கி நிழலில் அடுக்கியிருக்க வேண்டும் என்று அர்த்தம். இரும்பும் ரொக்கத்துக்கோ வட்டிக்கோ வெளியிலிருந்து வருவது. பணம் மட்டும் அறுவடை முடிந்தபின்தான் வரும், அதிலும் பாதி தானியமாகவும் இறைச்சியாகவும் வரும். திறமை எவ்வளவு இருந்தாலும், நாடே முடங்கிய ஆண்டில் இந்தத் தொழிலை நடத்துபவர் கடனில் விழுவார்.

இனி மரச்சக்கரத்தைச் சுற்றிப் பட்டா என்ற இரும்பு வளையம் போடும் வேலை. அந்த வீட்டு மகன்கள் துருத்தி ஊதத் தொடங்கிக் கற்றுக்கொண்டது இதைத்தான், கேள்விக்கு உண்மையான பதிலும் இதில்தான் இருக்கிறது.

கைப்பிடி வைத்த சிறு தகட்டுச் சக்கரம் ஒன்று உண்டு. அதில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மரச்சக்கரத்தின் வெளிவிளிம்பில் ஒரு சுற்று ஓட்டிச் சுற்றை எண்ணிக்கொள்வார்கள். பிறகு அதே எண்ணிக்கைக்கு இரும்புப் பட்டையின்மேல் ஓட்டுவார்கள். அங்குலக் கணக்கு தெரியாதவர்கூடப் பிசகாமல் அளக்கலாம். 54 அங்குலச் சக்கரத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 170 அங்குலம். அரை அங்குலக் கனப் பட்டையை வளைக்கும்போது உள்பக்கம் சுருங்குவதை ஈடுகட்ட ஒன்றரை அங்குலம் கூட்ட வேண்டும். நுனிகளைச் சரிவாகத் தட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பற்றவைக்க இன்னொரு அரை அங்குலம். அதன்பின் மரத்தை இறுக்குவதற்காக முக்கால் அங்குலம் கழிக்க வேண்டும். பட்டை சுமார் 171¼ அங்குலத்தில் வெட்டப்படும்.

இந்த முக்கால் அங்குலத்தில்தான் மொத்தத் தொழிலும் நிற்கிறது. அது எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அளவும் இல்லை. மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, வட்டைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைவாகக் கழித்தால் பட்டா முதல் கோடையிலேயே கழன்று ஓடும். அதிகமாகக் கழித்தால் ஆரக்கால்கள் வளைந்து, சக்கரத்தின் குழிவு அளவுக்குமீறிப் போகும். குழிவு என்பது பழுது இல்லை, வேண்டுமென்றே வைப்பது. குதிரை நடக்கும்போது பாரம் இடமும் வலமும் ஆடும், அந்தப் பக்கவாட்டு உதையைத் தட்டையான சக்கரம் தாங்காது. அதனால் சக்கரத்தை ஆழமில்லாத தட்டுபோல் சற்றுக் குழிவாக அமைத்து, தரையை நோக்கும் ஆரக்கால் செங்குத்தாக நிற்கும்படி அச்சின் முனையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள்.

வட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் நெருக்கிப் பொருத்தினால் இன்னொரு கோளாறு வரும். பட்டா இறுகும்போது வட்டைகள் ஒன்றையொன்று முட்டி நின்றுவிடும், ஆரக்கால்களுக்கு இறுக்கம் போய்ச் சேராது. வெளியே பார்க்கக் கட்டாக இருக்கும், உள்ளே ஆரக்கால் லொடலொடக்கும். அதேபோல வட்டையின் துளைக்குள் நுழையும் ஆரக்கால் முனை, அதாவது நாக்கு, வட்டைக்கு வெளியே மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் பட்டா அதன்மேல் உட்காரும், வட்டையில் உட்காராது. நாக்கை விளிம்பைவிடச் சற்று உள்ளடங்க வெட்ட வேண்டும்.

பட்டாவைத் தரையில் கிடத்திச் சுற்றிலும் விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறினால் இந்தப் பட்டா சுமார் ஒன்றேகால் அங்குலம் நீளும். முக்கால் அங்குலம் சிறிதாகச் செய்த வளையம் இப்போது அரை அங்குலம் தளர்வாக இறங்கும். இரண்டு மூன்று பேர் நீண்ட குறடுகளால் தூக்கி வந்து, மேடையில் இறுக்கிய சக்கரத்தின்மேல் போட்டு, சம்மட்டியால் சுற்றித் தட்டி இறக்குவார்கள். மரம் உடனே தீப்பிடிக்கும். அடுத்த நொடி தண்ணீர். வட்டைகள் நெருங்கி, ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகும் சத்தம் வெளியே கேட்கும். இங்கே தாமதித்தால் வட்டையின் மேற்பரப்பு கரியாகிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓடும்போது அந்தக் கரி நொறுங்கி உதிர்ந்தபின் பட்டா தளர்ந்துவிடும், வாங்கியவர் திட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் குடம், ஆரக்கால், வட்டை, பட்டா என்று இதே கட்டுமானம்தான். அதனால் உங்கள் ஊரில் பட்டா போட்ட பெரியவர் யாராவது இருந்தால் நான் எழுதியதைக் காட்டிச் சரிபாருங்கள். மரவகையும் இறுக்க அளவும் இடத்துக்கு இடம் மாறும், அதை வைத்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

மகன்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றியும் கிளெமென்டும் 1852 பிப்ரவரியில் இண்டியானாவின் சவுத் பெண்ட்டில் பட்டறை திறந்தபோது கையில் இருந்தது 68 டாலரும் இரண்டு செட் கொல்லுக் கருவிகளும். முதல் ஆண்டில் செய்த வண்டிகள் மூன்றே மூன்று. மேலே சொன்ன மரக்கணக்கை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை ஏன் அவ்வளவு சிறியது என்று புரியும். குதிரைக்கு லாடம் அடித்துத்தான் அடுப்பு எரிந்திருக்கும். 1853இல் ஜான் மோலர் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடப் போனார். ஒரு வண்டியைச் செய்து குடியேறிகள் கூட்டத்துக்குக் கொடுத்ததுதான் அவருக்குப் பயணக்கட்டணம். அங்கே பிளாசர்வில் என்ற ஊரில் போய் இறங்கியதும் தங்கம் தோண்டவில்லை, தோண்டுகிறவர்களுக்கு ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி செய்து கொடுத்தார். 1858இல் 8000 டாலருடன் திரும்பினார். வெறும் 68 டாலரில் எல்லாம் நடந்தது என்று சொல்பவர்கள் இந்த 8000 டாலரை விட்டுவிடுகிறார்கள். காயவைத்த மரத்தை மலையாக வாங்கி அடுக்கி, பணம் வரும்வரை காத்திருக்க முடிந்தது அந்தத் தொகையால்தான். அப்பாவிடம் இல்லாமல் போனது அது ஒன்றுதான். கைவேலை அவரிடமிருந்து வந்தது.

அதே 1858இல் ஹென்றி தன் பங்கை ஜான் மோலருக்கு விற்றுவிட்டு விவசாயத்துக்குப் போனார். இதையும் "துணிச்சல் இல்லாதவர்" என்று எழுதுகிறார்கள். குடும்பம் டங்கர் சபையைச் சேர்ந்தது. 1708இல் ஜெர்மனியின் ஷ்வார்ட்சனாவ் கிராமத்தில் தோன்றிய ஞானஸ்நானச் சபை அது, போரில் பங்குகொள்வதையும் சத்தியப்பிரமாணம் செய்வதையும் ஏற்காதது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ராணுவத்துக்கு நூறு வண்டி செய்யும் துணை ஒப்பந்தம் பட்டறைக்கு வந்திருந்தது. நூறு வண்டி என்றால் 400 சக்கரம், 5200 ஆரக்கால். தொழிலுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு வராது, ஹென்றியின் மனசாட்சிக்கு அது ஒவ்வவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியும். "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்ற ரோமர் 13:8 வசனத்தை அப்பா தன் பட்டறையில் எழுதி வைத்திருந்தார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். கடன் அவரை எவ்வளவு உறுத்தியிருந்தால் வாசலில் அதை எழுதியிருப்பார்!

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிமென்ட், டைல்ஸ், மின்விளக்கு எல்லாவற்றுக்கும் கடையில் முழுப்பணம் கட்டிவிட்டு, கதவும் ஜன்னலும் செய்த ஆசாரிக்கு மட்டும் "கிரகப்பிரவேசம் முடியட்டும், பார்த்துத் தர்றேன்" என்று பாக்கி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மரம் வாங்கிய கடனுக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். பிறகு அவர் பட்டறையை மூடினால் "அந்தக் காலத்து ஆள், பிழைக்கத் தெரியாதவர்" என்று நாமே பேசுகிறோம். ஜானைப் பற்றிய அந்த ஒரு வரியும் இதே வாயிலிருந்து வருவதுதான்.

பின்னாளில் இதே கம்பெனி கார் செய்த காலத்துக் கதை எல்லா இடத்திலும் கிடைக்கும்: 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார், 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலை மூடல், 1966இல் கனடாவின் ஹாமில்டனில் கடைசிக் கார். அப்பா 1877 வரை உயிரோடிருந்தார். அதற்குள் மகன்களின் வண்டிகள் அமெரிக்காவில் எங்கும் ஓடத் தொடங்கியிருந்தன, அத்தனை சக்கரத்திலும் பட்டா சூடேற்றித்தான் இறக்கப்பட்டது.