லைன் என்றால் கோடு மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'ஹி ஃபர்காட் ஹிஸ் லைன்ஸ்' என்பதற்கு வகுப்பில் பாதிப் பேர் 'அவன் தன் கோடுகளை மறந்தான்' என்று எழுதியிருந்தார்கள். நாடகத்தில் வசனத்தை மறந்துவிட்டான் என்று விளக்கினேன். "ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான் மிஸ் படிக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்வதா?

ஓர் ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள ஆசிரியைக்கு,

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். அந்த மாணவிக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். உங்கள் வகுப்பில் காபி எஸ்டேட் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு லைன் வீடு தெரியாதா? ஒரே கூரை, பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வரிசையாகக் கட்டியதால் லைன். கரண்ட் போனால் லைன்மேனைத் தேடுகிறார்கள். போனில் 'லைன்லயே இருங்க' என்கிறார்கள். கீழே சேலத்துக்கு இறங்கினால் மேட்டூர் போகும் ரயில் லைன். 'அவர் எந்த லைன்ல இருக்கார்?' என்றால் தொழிலைக் கேட்கிறோம். இதெல்லாம் ஆங்கிலத்திலும் உள்ள பொருள்கள்தான்.

அப்புறம் வேரைச் சொல்லிக் கொடுங்கள். லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி. மளிகைக் கடையில் ஆளிவிதை வாங்குகிறோமே, அதே செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. அதிலிருந்து வந்ததுதான் லைன். நூலை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். அப்படித்தான் கோடு, வரிசை, ரயில் பாதை, எழுதும் வரி என்று பொருள் விரிந்தது. எழுதிய வரியை நடிகன் பேசினால் வசனம். தமிழிலும் இதே வழிதான். கொத்தனார் செங்கல் வரிசை கோணாமல் இருக்க இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுகிறார். நாம் 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரவிக்கை லைனிங். டெய்லர் 'லைனிங் வைக்கணுமா?' என்று கேட்பாரே, அதுவும் இந்த ஆளிச்செடியிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் உடுப்பின் உள்பக்கம், ஆளி நாரில் நெய்த லினன் துணி வைத்துத் தைத்தார்கள். அந்த வேலைக்கே ஆங்கிலத்தில் 'லைன்' என்ற வினைச்சொல் வந்துவிட்டது. ஒரு ரவிக்கையை வகுப்புக்குக் கொண்டுபோய் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

வாக்கியத்தில் வரும்போது பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள். 'ஃபிஷிங்' முன்னால் இருந்தால் தூண்டில் நரம்பு. 'ஃபர்காட்' இருந்தால், மேடையா நாடகமா என்று யோசிக்க வேண்டும். இது வந்துவிட்டால் அகராதிப் பக்கத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள்.

'லைன் அடிக்கிறான்' என்பதைப் பற்றியும் கேட்பார்கள். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: அது நம் ஊர் வழக்கு, அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் புரியாது. ரேஷன் கடையில் 'லைன்ல நில்லு' என்கிறோமே, அது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷார் 'க்யூ' என்பார்கள். பரீட்சையில் இரண்டில் எதை எழுதியிருந்தாலும் தயவுசெய்து மதிப்பெண் போட்டுவிடுங்கள்.