கியோட்டோவில் ஒரே நாள், வாடகை சைக்கிள்: மூன்று கோயிலும் முடியுமா?

வணக்கம். ஸ்டேஷன் பக்கம் தங்கி, ஒரே நாளில் கியோமிசு, கின்காகுஜி (தங்கக் கோயில்), கின்ககுஜி (வெள்ளிக் கோயில்) மூன்றையும் சைக்கிளில் பார்க்க நினைக்கிறீர்கள்; மனைவிக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்கிறீர்கள். கியோமிசுவைச் சைக்கிள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். செங்குத்தான மேடு, போதாததற்குக் கூட்டம். விடியற்காலையில் நடந்தே போய்விட்டு வாருங்கள்.

ஊர் பார்க்கச் சமதளம் மாதிரி இருக்கும், ஆனால் வடக்கே போகப் போக மெல்ல ஏறும். தெற்கிலுள்ள தோஜி கோயில் கோபுரத்தின் 55 மீட்டர் உச்சியும் வடக்கே கிதாவோஜி தெருவின் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்பார்கள். அதனால் மனைவிக்காவது பேட்டரி சைக்கிள் எடுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

மற்ற இரண்டு கோயிலுக்கும் போக, பெரிய தெருக்களை விட்டுவிட்டு காமோ ஆற்றங்கரைப் பாதையில் வடக்கே மிதியுங்கள். சிக்னல் தொல்லை இல்லை. அப்புறம் பழைய அரண்மனைப் பூங்காவுக்குள் நுழைந்தால் எங்கும் ஜல்லி. அதில் ஒரு சாண் அகலத்துக்குக் கோடு போட்டதுபோல் தடம் தெரியும். உள்ளூர்க்காரர்களின் சக்கரம் பட்டுப் பட்டு விழுந்த தடம் அது. எதிரே யாராவது வந்தால் ஒருவர் ஜல்லியில் இறங்கத்தான் வேண்டும்!

நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஓட்டும்போது போன் பார்க்காதீர்கள், 2024 நவம்பரிலிருந்து தண்டனை கடுமை. நிஷிகி சந்தையில் ஓட்டக் கூடாது. கண்ட இடத்தில் நிறுத்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். காசு கொடுத்துச் சைக்கிள் நிறுத்தும் இடம் எங்கே என்று வாடகைக் கடையிலேயே கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.