செய்தது இருக்கிறது, கண்டது எங்கே?

மதிப்பிற்குரிய ஐயா,

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புளியங்கொட்டையிலிருந்து கரி தயாரித்து, தண்ணீரில் கலந்த மெத்திலீன் புளூ சாயத்தை அதில் உறிஞ்சவைக்கும் வேலை. சோதனைகளெல்லாம் முடிந்துவிட்டன. பேப்பர் எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடமாட்டேன் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். என் ஆங்கிலம்தான் தடை என்று நினைக்கிறேன். “இதே மாதிரி வந்த நாலு பேப்பரைப் பார்த்து எழுதுப்பா” என்கிறார் கைடு. அப்படி எழுதி அனுப்பிய ஒன்று, ரிவ்யூவுக்கே போகாமல் சில நாளில் திரும்பி வந்துவிட்டது. பணம் கட்டினால் பதினைந்து நாளில் போட்டுத்தருவதாக மின்னஞ்சல்கள் வந்தபடி இருக்கின்றன. லேபில் சிலர் அப்படிப் போட்டும்விட்டார்கள். பேப்பர் எழுதுவதை எங்கே கற்றுக்கொள்வது? ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கிவிடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

ஆங்கிலம் தடை என்கிறீர்கள். ஆனால் தமிழில் எழுதிய இந்தக் கடிதத்திலேயே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். என்ன கண்டீர்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரியைச் சாயத்தில் போட்டீர்கள், சரி. போட்டதால் அதற்கு முன் தெரியாத எது உங்களுக்குத் தெரியவந்தது? கை ஓடாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் ஜர்னலில் வந்தது; பெர்னூலி எண்களைப் பற்றியது. அப்போது அதன் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். கையெழுத்துப்படி இருவருக்குமிடையே போய்வந்த பிறகுதான் அச்சேறியது. ராமானுஜனின் முறைகள் புதியவை, ஆனால் சாதாரண வாசகன் பின்தொடர முடியாத அளவுக்கு இறுக்கமாக, தெளிவில்லாமல் எழுதினார் என்று ஐயங்கார் பின்னால் குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கில இலக்கணம் அங்கே பிரச்சினையே இல்லை. தனக்கு வெளிச்சமான படிகளை எதிரே இருப்பவருக்கும் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டார். ராமானுஜனுக்கே அந்தப் பாடத்தை ஓர் ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருந்தது என்பது எனக்கு எப்போதும் தெம்பு தருகிற விஷயம்.

இன்னொருவர் இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஐந்தே பக்கம். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலமும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாகப் போட்டார்கள். இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்ததாகச் சொல்பவர் அந்த வரைபடத்தில் தன் முடிவைப் பொருத்திக் காட்டவேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தாலே கட்டுரை என்ன சொல்கிறது என்பது விளங்கிவிடும்.

நீங்களும் படங்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வரைபடங்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் கீழும், அதிலிருந்து என்ன தெரிகிறது என்று தமிழிலேயே ஒரு வாக்கியம் எழுதுங்கள். “எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுக்கப்பட்டது” என்று எழுதினால் செல்லாது, அது நீங்கள் செய்த வேலை. எதன் கீழே எழுத ஒன்றுமில்லையோ அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். காசு கட்டி, வரிசையில் நின்று எடுத்த எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமாயிற்றே என்று மனசு கேட்காது. இருந்தாலும் வையுங்கள். மிச்சமிருப்பதை வரிசைப்படுத்தினால் உங்கள் முடிவுகள் பகுதி வந்துவிட்டது.

அடுத்து செய்முறை. இதற்கு நடை எதுவும் தேவையில்லை, நேர்மை போதும். எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் கரியாக்கினீர்கள், எந்த அமிலம், என்ன விகிதம், எந்த பிஎச் வரும்வரை கழுவினீர்கள், சல்லடை அளவு என்ன, எத்தனை மில்லிக்கு எத்தனை கிராம் போட்டீர்கள், எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள். உங்களைத் தெரியாத ஒருவர் குவாஹாத்தியில் உட்கார்ந்து அதே கரியைச் செய்ய முடியவேண்டும். பிறகு டிஸ்கஷன், அப்புறம் முன்னுரை. அப்ஸ்ட்ராக்டும் தலைப்பும் கடைசியில்தான். பலரும் முன்னுரையில் ஆரம்பித்து அங்கேயே மாதக்கணக்கில் கிடக்கிறார்கள்.

முன்னுரை என்றதும் உங்கள் துறை ஞாபகம் வருகிறது. உறிஞ்சுகரி பேப்பர்களின் முன்னுரைகள் கல்யாணப் பத்திரிகை மாதிரி; பெயர்தான் மாறும். நீரின்றி உயிரில்லை, தொழிற்சாலைகள் பெருகின, சாயக்கழிவு ஆபத்தானது, ஆகவே விலை மலிவான கரி. நம் ஊர்க்காரர்கள் நடுவில் திருப்பூரையும் நொய்யலையும் சேர்த்துவிடுவார்கள். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன செய்தியும் வந்துவிடும். அடுத்த பக்கத்தில் மெத்திலீன் புளூ!

இங்கேதான் பிடி இருக்கிறது. திருப்பூரில் பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள். அவை தண்ணீரில் எதிர்மின்னேற்றம் கொண்டவை. மெத்திலீன் புளூ நேர்மின்னேற்றம் கொண்டது. எதிர்மின்னேற்றப் பரப்புள்ள கரி அதை ஆசையாக இழுத்துக்கொள்ளும். பட்டறைக் கழிவிலோ சாயத்தோடு உப்பும் ஏராளமாக இருக்கும், ஏனென்றால் சாயம் நூலில் ஏறுவதற்கே உப்பு கொட்டுகிறார்கள். வடித்த நீரில் மெத்திலீன் புளூவைக் கரைத்துச் செய்த சோதனை நொய்யலைப் பற்றி என்ன சொல்லும்? இந்தக் கேள்வி ஒரு ஜர்னல் ஆசிரியருக்கு அரை நிமிடத்தில் தோன்றும். உங்கள் பேப்பர் ரிவ்யூவுக்குப் போகாததற்கு இது போதும், ஆங்கிலத்தைப் பார்க்கும் அளவுக்குக்கூட அவர் போயிருக்கமாட்டார்.

ஒற்றை அடுக்கு என்ற அனுமானத்தில் எழுந்த லாங்மியர் சமன்பாட்டில் பொருத்தினேன், பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.99 வந்தது, ஆகவே சாயம் ஒற்றை அடுக்காகப் படிகிறது என்று எழுதியிருப்பீர்கள் (யாரைக் கேட்டாலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்). கோடு பொருந்தியது என்பது வேறு, அடுக்கு எத்தனை என்பது வேறு. முதலாவதை நீங்கள் அளந்தீர்கள், இரண்டாவது ஊகம். ஊகம் தப்பில்லை, அதை ஊகமாகவே எழுதுங்கள், டிஸ்கஷன் பகுதியில்.

கைடு சொன்னது பாதி சரி. நாலு பேப்பரைப் பார்த்து எழுதினால் அவற்றின் வாக்கியங்களோடு அவற்றின் தவறுகளும் உங்கள் பேப்பருக்குக் குடிவந்துவிடும். படிக்காத ரெஃபரன்ஸையும் அங்கிருந்தே எடுத்துப் போடத் தோன்றும். நாலு வேண்டாம், நல்லதாக ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று தமிழில் குறியுங்கள்: ‘முந்தையவர்கள் விட்டது’, ‘இதை ஏன் அளந்தார்’, ‘எதிர்க்கேள்விக்குப் பதில்’. என்னிடம் வரும் மாணவர்களிடம் முதலில் செய்யச்சொல்வது இதைத்தான். பாதிப்பேர் செய்வதில்லை.

ஏஐ விஷயம். உங்கள் வாக்கியத்தின் இலக்கணத்தைத் திருத்தப் பயன்படுத்துங்கள், பயன்படுத்தினேன் என்று ஜர்னல் கேட்கிற இடத்தில் சொல்லிவிடுங்கள். அதை ஆசிரியராகப் போட முன்னணி ஜர்னல்கள் அனுமதிப்பதில்லை. முழுக் கட்டுரையையும் எழுதச்சொன்னால் இல்லாத ரெஃபரன்ஸை இருப்பதுபோல் கொடுக்கும். அதைவிட மோசம், நீங்கள் இன்னும் கண்டுபிடித்துச் சொல்லாத அந்த ஒன்றை வழவழப்பான ஆங்கிலத்தில் மூடிவிடும். உங்களுக்கே குறை தெரியாமல் போய்விடும்.

பதினைந்து நாள் கடைகள் பற்றி. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழ் சார்பாக ஜான் பொஹானன், அடிப்படைத் தவறுகள் நிறைந்த ஒரு போலிப் பேப்பரை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. பணம் கேட்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது, நல்ல ஜர்னல்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. படிப்பதற்கு முன்பே போடுகிறேன் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். முனைவர் பட்டத்துக்குப் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென்று விதி வைத்திருக்கலாம், அதை முதலில் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத கெடுவுக்குப் பயந்து பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரிஜெக்ட் ஆனால் எல்லோரும் உயிர்வேதியியலாளர் கிரெப்ஸின் கதையைச் சொல்வார்கள். சிட்ரிக் அமில சுழற்சியைப் பற்றிய அவருடைய குறிப்பை 1937-இல் ‘நேச்சர்’ ஏற்கவில்லை, வேறு ஜர்னலில் போட்டார், 1953-இல் நோபல் வாங்கினார். உங்களுக்கு அதைச் சொல்ல நான் தயாரில்லை. அவருக்கு அங்கே இடமில்லை என்றுதான் சொன்னார்கள், உங்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது.

அந்த வேலை பெரிதுமில்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் ஒன்றான ரியாக்டிவ் பிளாக் 5 உங்கள் துறையில் எங்காவது ஒரு பாட்டிலாவது இருக்கும். அதே கரி, அதே அளவு. ஒருமுறை உப்பில்லாமல், ஒருமுறை உப்போடு, இரண்டு மூன்று பிஎச்-களில் போட்டுப் பாருங்கள். கரியின் பரப்பில் மின்னேற்றம் எந்த பிஎச்-சில் சுழியாகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். உறிஞ்சினால் ஏன் என்று எழுதுங்கள். உறிஞ்சாவிட்டால், மெத்திலீன் புளூவில் நன்றாக வேலை செய்த கரி பட்டறைச் சாயத்தில் எவ்வளவு தோற்றது என்று எண்களோடு எழுதுங்கள். எது வந்தாலும் எனக்கு ஒரே ஒரு வாக்கியமாக அனுப்புங்கள், தமிழிலேயே. முழுப் பேப்பரை அதற்கப்புறம் பார்க்கிறேன்.