அஷ்டமி நிலவும் ஓர் எலுமிச்சம்பழமும்

வணக்கம்.

என் மகள் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். அறிவியலில் மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் ‘நிலா ஏன் தேய்கிறது?’ என்று கேட்டால் ‘பூமியோட நிழல் விழுது’ என்கிறாள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை மடமடவென்று ஒப்பிக்கிறாள். மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்றால் ‘மண்ணிலேருந்து’ என்கிறாள். ஒன்பதாம் வகுப்பு தொடங்குமுன் ஆறிலிருந்து எட்டுவரை படித்ததைத் திருப்பிப் பார்க்க வைக்கவேண்டும். எங்கே தொடங்குவது? கைடு வாங்கலாமா?

கவிதா, அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கவிதா,

கைடு வேண்டாம். அதில் இருப்பது அவளுக்குத் தெரியும், சிக்கலே அதுதான். முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னால் ‘இது தெரியும், இதுவும் தெரியும்’ என்று புரட்டிக்கொண்டே போய்விடுவாள். அதற்குப் பதிலாக, செய்து பார்க்கக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுங்கள். என்ன நடக்கும், ஏன் என்று இரண்டு வரி எழுதட்டும். பேனாவில் எழுதவேண்டும், பென்சில் என்றால் விடை தெரிந்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். பிறகுதான் சோதனை. எழுதியது எங்கே பொய்த்ததோ அந்தப் பாடத்தை மட்டும் புத்தகத்தில் திறந்தால் போதும்.

நிலாவில் தொடங்குங்கள். தினக்காட்டியில் வளர்பிறை அஷ்டமி என்று வருகிறதென்று பார்த்து, அன்று மாலை 4 மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். சூரியன் மேற்கே இருக்கும், அரை நிலா கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும். பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம், அதாவது கிழக்கே அடிவானத்துக்குக் கீழேதான் விழும், நிலாவோ அங்கே இல்லவே இல்லை. இப்போது ஓர் எலுமிச்சம்பழத்தை வெயில் படும்படி, கண்ணுக்கு நிலாவை ஒட்டித் தெரிவதுபோல் நீட்டிப் பிடிக்கட்டும். பழத்திலும் அதே பாதி ஒளிரும், ஒளியும் இருளும் பிரியும் கோடும் அதே சாய்வில் இருக்கும். ஒரே சூரியன்தானே இரண்டுக்கும்!

பிறை முழுவதையும் பார்க்க ராத்திரி இருட்டறையில் மூடியில்லாத ஒரு பல்பை எரியவிட்டு, குச்சியில் குத்திய வெள்ளைப் பந்தைக் கையில் பிடித்தபடி தன்னைத்தானே இடப்புறமாகச் சுற்றவேண்டும். அவள் தலைதான் பூமி. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பந்தைத் தலைக்கு நேராகப் பிடித்தால், பௌர்ணமி வரவேண்டிய இடத்தில் தலையின் நிழல் பந்தில் விழுந்துவிடும். ‘பார், நிழல்தான்!’ என்று பழைய எண்ணமே இன்னும் கெட்டியாகும். பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும். நிஜத்திலும் நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நம் நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. அவள் சொன்ன நிழல் பொய்யில்லை, அது கிரகணத்துக்கு உரிய விடை.

அடுத்தது அடுப்படி. தண்ணீர் கொதித்தபின் அடுப்பைக் கூட்டினால் வெப்பநிலை ஏறுமா? 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்ப்பதை வைத்தால் உடைந்துவிடும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, நீங்களும் கூட நிற்கவேண்டும். அளவு 97-ஐ ஒட்டி நின்றுவிடும். வெப்பமானி கெட்டுவிட்டது என்பாள். பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால்தான். தீயைக் கூட்டினால் ஆவியாவதன் வேகம்தான் கூடும், வெப்பநிலை அங்கேயே நிற்கும். கொதிக்கும்போது வரும் பெரிய குமிழுக்குள் என்ன இருக்கிறது என்றும் எழுதச் சொல்லுங்கள். ‘காற்று’ என்று எழுதும் பிள்ளைகள்தான் அதிகம். இருப்பது நீராவி.

மரத்தின் எடைக்கு வீட்டில் சோதனை வைக்க ஆண்டுக்கணக்கு ஆகும். 17-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மாண்ட் அதைச் செய்திருக்கிறார், 1648-ல் அச்சானது. 5 பவுண்டு வில்லோ கன்று ஐந்து ஆண்டில் 169 பவுண்டு மரமானது, தொட்டி மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ்தான். இந்த எண்களைக் கொடுத்து எடை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எல்லாம் தண்ணீர் என்றே அவர் முடிவுகட்டினார். காற்றிலுள்ள கரியமில வாயுவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. காய்ந்த விறகின் எடையில் பெரும்பங்கு அந்த வாயுவிலிருந்து வந்ததுதான்.

உயிரியலையும் இயற்பியலையும் ஒட்டவைக்க உங்கள் ஏரியே இருக்கிறது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்தால் அதைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்னும். நீர் சூடானால் தாங்கும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. கோடையில் மீனுக்கு ஏன் ஆபத்து அதிகம் என்பதை அவளே எழுதிவிடுவாள்.

புவியியலுக்கு ஒரு காலைப்பொழுது போதும். லால்பாகில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறை தீபகற்ப நைஸ், சுமார் 300 கோடி ஆண்டு வயது, உருமாறிய பாறை. வெளிர்நிறமும் கருநிறமும் பட்டைபட்டையாக ஓடும். கிரானைட்டில் மணிகள் கலந்துகிடக்கும், பட்டை இருக்காது. சமையல் மேடைக் கல் இதில் எது என்று திரும்பிவந்து பார்க்கட்டும். கடைக்காரர் கிரானைட் என்றே விற்றிருப்பார்.

பருவகாலத்துக்கு ஏப்ரல் 24 வரை காத்திருங்கள். சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை என்று எழுதியிருந்தால், பூமி மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில் என்று சொல்லுங்கள், ஜூலையில் 15.2 கோடி. உண்மைக் காரணம் பூமியின் 23.5 டிகிரி சாய்வு. பெங்களூரு 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். டெல்லிக்கு அது ஒருநாளும் கிடையாது. நேரம் சரியாக 12 இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பது 77.6-ல், டிகிரிக்கு 4 நிமிடம் என்று அவளே கணக்குப் போடட்டும். 12.20-ஐ ஒட்டி வரும். சூரியனின் ஓட்டம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லாததால் இரண்டு நிமிடம் முந்தி, அன்று சுமார் 12.18.

30 செ.மீ. குச்சி போதும், ஆனால் நிமிர்ந்து நிற்கவேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலே 5 மில்லிமீட்டர் நிழல் வந்துவிடும். மழைநீர் வடிய மொட்டைமாடித் தளத்துக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் குச்சியைச் சரிபாருங்கள். மேகம் மூடினால் மறுநாளும் செய்யலாம், 2 மில்லிமீட்டர்தான் பிசகும். அதுவும் தவறினால் ஆகஸ்ட் 18. அப்போது பள்ளி இருக்கும், மதிய இடைவேளையில் மைதானத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.