மலேசியாவில் இந்தியர் விழுக்காடு குறைவதற்குப் பெண்கள் பிள்ளை பெறாததுதான் காரணமா?

உங்கள் வீட்டுப் பெரியவர் யாரோ இப்படிச் சொல்லித்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணத்தில் மைக்கைப் பிடித்த ஒருவர், “நம் பெண்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள், இனம் சுருங்கிவிட்டது” என்றார். எனக்கும் இரண்டு பிள்ளைகள்தான். அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1957-இல் மலாயாவில் நம்மவர் ஏறக்குறைய 7 இலட்சம், அதாவது 11 விழுக்காடு. இன்று 20 இலட்சத்தை ஒட்டி இருக்கிறோம், ஆனால் 7 விழுக்காட்டுக்கும் கீழே. தலை எண்ணிக்கை கூடித்தான் இருக்கிறது, மற்றவர்கள் அதைவிட வேகமாகப் பெருகினார்கள். 1963-இல் சபாவும் சரவாக்கும் மலாயாவோடு சேர்ந்து மலேசியா ஆனபோதே விழுக்காடு இறங்கியது, அங்கே நம்மவர் சொற்பம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. இதில் எந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது?

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ஏழு பிள்ளை பெற்றார், ஐந்து பேர் நிலைத்தோம். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போது கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். எது யார் பிள்ளை என்று சேலையின் நிறத்தை வைத்துத்தான் தெரியும். ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வருவதற்குள் ரவிக்கை நனைந்துபோயிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். “உனக்கு ரெண்டு போதும்டி, ரெண்டையும் நல்லா படிக்க வை” என்றவரும் அவர்தான்.

உலகம் போன வழியும் இதுதான். உலக மக்கள்தொகை 1804 வாக்கில் 100 கோடி, 1927 வாக்கில் 200 கோடி, 2022-இல் 800 கோடி. பிள்ளைகள் சாகாமல் பிழைக்கத் தொடங்கியதும் தொகை பெருகியது, பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பெறுவது குறைந்தது. தமிழ்நாட்டிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைக்கும் குறைவுதான். மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

நிறையப் பெற்றவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என்னைப் பெற்றவரே அப்படித்தான். எங்கள் தோட்டம் காலியானது பிள்ளை குறைந்ததால் அல்ல. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், அதற்கு அத்தனை ஆள் தேவையில்லை. வேலை போனதும் தோட்டத்து வீடும் போனது. இளவட்டங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள்.

அப்புறம், அந்தக் கல்யாணத்தைப் பற்றி இன்னொன்று. தாலி கட்டி முடிந்தும் ஆளாளுக்கு மேடையேறிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குப் பசியில் கை நடுங்கிவிட்டது. பையில் இருந்த மிட்டாயைக் கொடுத்துச் சமாளித்தேன். கல்யாணம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து வயதானவர்களை முதலில் சாப்பிட உட்கார வையுங்கள். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.